மூணாவது கூப்பாடு

கோர்ட்டு வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற டவாலிக்குத் தொண்டைதான் சோறு போட்டது. மூணு தடவை கூப்பிடுவார். ஆள் வரவில்லையா, நீதிபதி "தலைமறைவு" என்று எழுதிவிடுவார். அப்புறம் அந்த ஆளை என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை.

டவாலியுடைய அண்ணனை அப்படித்தான் முடித்தார்கள். அது பழைய ஆட்சி. வாசலில் கிடக்கும் இதே பெஞ்சில் இவர் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். அன்றைய டவாலி கூப்பிட்டபோது, அண்ணன் இதே கட்டடத்தின் கீழறையில் வாயில் துணியோடு கிடந்திருக்கிறான். ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன புண்ணியம்? இன்றைக்கும் யார் பேரைக் கூப்பிட்டாலும், அண்ணன் "இதோ" என்பானோ என்று ஒரு மூச்சு நேரம் நிற்பார். பாழாய்ப்போன மனசு!

கொடி மாறியது, புத்தி மாறவில்லை. போன மாதம் ஒருத்தனை விடுதலை செய்த நீதிபதியைத் தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கியடித்தார்கள். வந்த புதியவர் மேலிடத்தைக் கேட்காமல் பேனாவைத் திறக்கமாட்டார்.

அன்று காலை பின்பக்கம் நின்ற போலீஸ் வேனுக்குள் ஒரு முகத்தை டவாலி பார்த்துவிட்டார். ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சடித்த அச்சகத்துக்காரன். இன்றைக்கு அவன் வழக்கு.

இன்ஸ்பெக்டர் டவாலியின் தோளில் கை போட்டார். "அண்ணே, வழக்கம்போல முன்வாசல்ல கூப்பிடுங்க. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு வம்பு?"

முதல் தடவை கூப்பிட்டார். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

பெஞ்சிலிருந்து அச்சகத்துக்காரனின் அம்மா எழுந்து வந்தாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்கய்யா. மெஷின் சத்தத்துல அவனுக்குக் காது மந்தம்."

டவாலி விறுவிறுவென்று கோர்ட்டுக்குள் நுழைந்து, பின்பக்க ஜன்னலைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!" வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

நீதிபதி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா?"

வக்கீல்கள் காகிதம் புரட்டினார்கள்.

"எனக்குக் கேட்டுச்சுங்கய்யா," என்றார் டவாலி.

"எனக்குக் கேட்கலை." நீதிபதி எழுதினார்.

வேன் கிளம்பியது. டவாலி ஜன்னலை விடவில்லை. எந்தச் சட்டத்திலும் இல்லாத நாலாவது தடவையும் கூப்பிட்டார். அஞ்சாவது தடவை அந்த அம்மாவும் சேர்ந்து கூப்பிட்டாள்.