பதினான்காவது கட்டம்

மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, அந்தப் பெண் வாத்தியாரின் தேநீர்க் கோப்பையையே எடுத்துக் காகிதத்தின் மேல்முனையில் வைத்தாள். மடிப்புகளைக் கையால் ஒருமுறை நீவிவிட்டு, "இது உங்க கையெழுத்துதானே சார்?" என்று கேட்டாள்.

அவருடைய கையெழுத்தேதான். பக்கத்தில் படகு வாங்கியவரின் கையெழுத்தும் இருந்தது, பெரிதாக, சந்தோஷமாக, கீழே இரண்டு கோடு இழுத்து. அந்த மனிதர் ஏரியில் மூழ்கிப் போய் ஒன்பது வாரம் ஆகிவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவள் அவர் மனைவி. நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல், சுவரோரம் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பெண் அவர்களின் ஒரே மகள். அன்றைக்குப் படகில் இருந்ததும் அவள்தான்.

இவர்கள் வரப்போவது வாத்தியாருக்குக் காலையிலேயே தெரியும். "அந்த வீட்டம்மா பதினோரு மணிக்கு வராங்க, வாத்தியாரே" என்று முதலாளி சொல்லியிருந்தார். "படகை நாமளே திருப்பி எடுத்துக்கிறோமான்னு கேட்க வராங்க. அதை நான் பார்த்துக்கிறேன். உங்ககிட்டயும் ஏதோ கேட்கணுமாம். கேட்டா பேப்பர் பேசட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க."

வாயைத் திறந்து பேசுவதற்குத்தான் அந்தப் படகுக் கடையில் அவருக்குச் சம்பளம். இருபத்திரண்டு வருடம் ஏரியின் குறுக்கே பயணிகள் படகு ஓட்டியவர். பாலம் வந்ததும் அந்தப் படகைக் கரையேற்றிவிட்டார்கள். அவர் உரிமத்தை எடுத்துக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தார். முதன்முதலாகப் படகு வாங்குகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் பாதுகாப்புப் பாடம் எடுக்க வேண்டும், பதினெட்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. அப்படித்தான் அவருக்கு வாத்தியார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

முதன்முதலாகப் படகு வாங்குகிறவர்களைப் பற்றிக் கேட்டால் அவர் ஒரு நாள் முழுக்கச் சொல்வார். படகு வாங்குவதற்கு முன்பே தொப்பி வாங்கிவிடுவார்கள். பெண்டாட்டி பெயரையோ பிள்ளை பெயரையோ படகின் நெற்றியில் எழுதச் சொல்லி, எழுத்து கோணலாக இருக்கிறதென்று பெயிண்டரோடு மல்லுக்கு நிற்பார்கள். நங்கூரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டை உட்காரும் பலகைக்கு அடியில் திணித்துவிட்டு, "அதான் இருக்கே" என்பார்கள். பலகைக்கு அடியில் இருந்தால் பலகைதான் மிதக்கும் சார் என்று வாத்தியார் சொல்வார், சிரிப்பார்கள், போட்டுக்கொள்ள மாட்டார்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்றால், வீட்டுக்குத் தெரியாமல் படகு வாங்கியவர்கள் அங்கேயே நெளிவார்கள்.

முதல் வருடம் இரண்டு மணி நேரத்தையும் அவர் கண்ணும் கருத்துமாக எடுத்தார். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் முதலாளியிடம் போய், சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று புகார் சொன்னார். "ஏன் வாத்தியாரே பயமுறுத்துறீங்க? முழுகறதைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தா அடுத்த படகை எவன் வாங்குவான்?" என்றார் முதலாளி. இரண்டு மணி நேரம் ஒரு மணியானது. ஒரு மணி அரை மணியானது. கடைசியில், பெட்ரோல் நிரம்புகிற நேரத்துக்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு என்றாகிவிட்டது. ஆரம்பத்தில் வாத்தியார் முணுமுணுத்தார். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடிகிறது என்பதைக் கண்டுகொண்டார். முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மூன்று படகுகள் போக வேண்டியிருந்தது. காலையில் தேநீர் குடித்துக்கொண்டே மூன்று காகிதங்களிலும் மேலிருந்து கீழாக மளமளவென்று டிக் அடித்து வைத்துவிட்டார். மூன்றாவதாக வந்தவர்தான் இவள் கணவர். தலையில் புத்தம் புதிய வெள்ளைத் தொப்பி. "கார் இருபது வருஷமா ஓட்டுறேன் வாத்தியாரே. சாவி எங்க, பெட்ரோல் எங்க, அதை மட்டும் காட்டுங்க, போதும். பொண்ணு காலையிலேருந்து நச்சரிக்கிறா" என்று சொல்லி முதுகில் தட்டினார். தட்டியது வாத்தியாருக்குப் பிடித்திருந்தது. ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டிய சிவப்புக் கயிறு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. ஆள் தவறி விழுந்தால் அந்தக் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் தானே நின்றுவிடும். வாத்தியார் உறையைத் தூரத்திலிருந்து விரலால் காட்டினார். "அதை மாட்டிக்கோங்க சார்." "ஆகட்டும், ஆகட்டும்." அவ்வளவுதான் பாடம்.

அந்தச் சிறுமி அப்போது படகுத்துறையின் விளிம்பில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாப்பா, காலை மேல எடு. படகு இடிச்சிரும்." அன்றைக்கு அவளிடம் அவர் பேசியது இது ஒன்றுதான். இது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஒன்பது வாரமாக வேறெதுவும் அவருக்கு இவ்வளவு நன்றாக நினைவில் இல்லை.

"தொப்பி காத்துல பறந்துச்சாம்" என்றாள் தாய். பலரிடம் பலமுறை சொல்லிச் சொல்லிக் குரலில் ஏற்ற இறக்கம் போயிருந்தது. "எட்டிப் பிடிக்கப் போயிருக்கார். விழுந்துட்டார். படகு நிக்கல சார். வட்டமா சுத்திச் சுத்தி வந்துச்சாம். இவர் அதைப் பிடிக்க நீந்தியிருக்கார். கிட்ட வரும்போதெல்லாம் தாண்டிப் போயிடுமாம். நல்லா நீந்துவார் சார். சும்மா மிதந்துக்கிட்டு இருந்திருந்தாக்கூட யாராவது வந்திருப்பாங்க. பொண்ணு படகுல தனியா இருக்காளேன்னு துரத்தித் துரத்தியே ஓய்ஞ்சுட்டார். மீன் பிடிக்கிறவங்க வந்து சேர இருபது நிமிஷம்."

சுவரோரம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தொங்கிய ஜாக்கெட் ஒன்றின் கொக்கியைச் சிறுமி மாட்டினாள். பிறகு கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"என் கொழுந்தனார் போலீஸ்ல இந்தப் பேப்பரோட நகலை வாங்கிட்டு வந்தார். பதினாலாவது கட்டத்தைப் பாருங்க சார்."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 'உடன் வரும் ஒருவருக்காவது எஞ்சினை நிறுத்தவும் உதவிக்கு அழைக்கவும் கற்றுக்கொடுக்கப்பட்டது.' எதிரே டிக். அதற்குப் பக்கத்தில், யாருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது என்று எழுத ஒரு சின்ன இடம். அந்த இடத்தில் 'மகள்' என்று எழுதியிருந்தது. அன்று மதியம் காகிதங்களைக் கோப்பில் போடும்போதுதான் அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். வெற்றிடம் விட்டால் படகுப் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எழுதிவிட்டார். அதே மதியம், அதே நேரத்துக்கு, ஏரியில் அந்தப் படகு வட்டமடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"கொழுந்தனார் இவகிட்ட நேராவே கேட்டுட்டார். 'ஒரு சாவியைத் திருப்ப முடியலையா உன்னால? சொல்லிக் கொடுத்திருக்காங்களே?'ன்னு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. தட்டைத் தள்ளிட்டு எழுந்தவதான், அன்னையிலேருந்து சரியாவே சாப்பிடறதில்ல. தனக்கு யாரும் சொல்லித் தரலன்னு சொல்றா. ஆனா எங்க வீட்ல எல்லாரும் பேப்பரைத்தான் நம்புறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கே சில நேரம் தோணுது சார், இவ பயந்துக்கிட்டுப் பொய் சொல்றாளோன்னு. பெத்தவளுக்கு வரக் கூடாத நினைப்பு. வருதே, என்ன பண்ணச் சொல்றீங்க?"

வாத்தியார் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேஸ் எதுவும் போட வரல. உங்க வேலைக்கு என்னால ஒரு கெடுதலும் வராது. அவரு பிடிவாதக்காரர், நீங்க சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், அதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். இவளுக்குச் சொன்னீங்களா, இல்லையா? இல்லன்னா, அதை இவ காதுல விழுற மாதிரி ஒரு தடவை சொல்லிடுங்க. போதும். நாங்க போயிடறோம்."

இதைவிட மலிவாக ஒரு மனிதனுக்கு மன்னிப்பு கிடைக்காது. இல்லை என்ற ஒற்றைச் சொல். அதைச் சொல்லத்தான் அவர் தலையை நிமிர்த்தினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. முதலாளி பார்த்தார், அதனால்தான் பயந்தேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ளக்கூட வாத்தியாருக்கு வழியில்லாமல் போயிற்று. அவர் நினைத்ததெல்லாம் போலீஸிடம் ஏற்கனவே கொடுத்த வாக்குமூலத்தைத்தான். எல்லாம் விளக்கமாகச் சொன்னேன் என்று அங்கே எழுதிக் கொடுத்தாயிற்று. இங்கே இல்லை என்றால் அது கொழுந்தனார் காதுக்குப் போகும், அங்கிருந்து எங்கெங்கோ போகும், உரிமம் போகும். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் ஆளைக்கூடத் தண்ணீருக்குக் கொடுக்காதவன் என்ற பெயரும் அதோடு போய்விடும். இந்த அம்மாள் நல்லவள்தான். நல்லவர்களின் வாக்குறுதியை நம்பி நடுத்தெருவில் நின்ற எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

"சொன்னேம்மா" என்றார்.

முதல் பொய்தான் தொண்டையில் சிக்கியது. அடுத்தது வழுக்கிக்கொண்டு வந்தது. "சாவியைத் தொட்டுக் காட்டித்தான் சொன்னேன். பாப்பாவும் தலையாட்டுச்சு. சின்னப் புள்ளைங்க, பதட்டத்துல மறந்து போயிருக்கும். அதை யாரும் குத்தம் சொல்லக் கூடாது." அவள் செய்யாத தப்புக்கு, பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தும் விட்டார்.

கொக்கியின் சத்தம் நின்றுவிட்டது. சிறுமி திரும்பி அவரைப் பார்த்தாள். பொய் என்று கத்துவாள் என்று வாத்தியார் எதிர்பார்த்தார். கத்திவிட்டால் நன்றாக இருக்கும் என்று அந்தக் கணத்தில் உண்மையாகவே ஏங்கினார். அவள் கத்தினால் தானும் உடைந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். அதற்குக்கூட அவருக்கு ஒரு குழந்தையின் தயவு தேவைப்பட்டது.

அவள் கத்தவில்லை. புத்தகப் பையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவளைப் போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

"நான் அப்ப தண்ணில காலை விட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "அப்பவா சொன்னீங்க, அங்கிள்?"

வாத்தியார் தலையை அசைத்தார்.

"ஏதோ சொன்னீங்க. அது ஞாபகம் இருக்கு." அம்மாவைப் பார்த்தாள். "சொன்னாங்கம்மா. நான்தான் ஒழுங்கா கேட்கல."

தாய் திட்டவில்லை, அழவில்லை. கோப்பையை எடுத்து நகர்த்தி வைத்துவிட்டுக் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது; இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். எழுந்து, மகள் நிற்கும் பக்கம் திரும்பாமல், முதலாளியின் அறையை நோக்கி நடந்தாள். வழக்கமாக எந்தத் தாயும் சொல்லும் ஒரு 'வா'வைக்கூட அவள் சொல்லவில்லை.

வாத்தியார் மேசைமேல் இருந்த எதையோ ஒழுங்குபடுத்துவது போலக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கும் இதே நாற்காலிதான், இதே மேசைதான், இதே சம்பளம்தான். எல்லாம் பத்திரமாக இருந்தது. சிறுமி பக்கத்தில் வந்து நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

"அங்கிள்."

"என்ன பாப்பா?"

"அதை இன்னொரு தடவை சொல்லித் தர்றீங்களா? எப்படி நிறுத்தறதுன்னு. இந்தத் தடவை மறக்க மாட்டேன்."

"எதுக்கும்மா? அதான் படகையே திருப்பிக் கொடுக்கப் போறீங்களே."

"பரவாயில்ல. எனக்குத் தெரியணும்."

மேசையில் கிடந்த பேனாவை அவளே எடுத்துக்கொண்டாள். இடது உள்ளங்கையை விரித்து, எழுதத் தயாராக அவர் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்காரும் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. இத்தனை வருடத்தில் அவர் பாடத்தை இப்படிக் கேட்க வந்தவர்கள் ஒருவர்கூட இல்லை.

"முதல்ல..." என்று ஆரம்பித்தார். செருமிக்கொண்டார். "முதல்ல, முன்னாடி ஒரு கைப்பிடி இருக்கும். அதை நடுவுக்குக் கொண்டு வரணும். அப்புறம் சாவியை இடது பக்கமாத் திருப்பணும். நின்னுடும்."

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அவள் குனிந்து எழுதினாள். உள்ளங்கை வியர்த்திருந்ததால் மை பிடிக்கவில்லை. கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். அப்போதும் சரியாக விழவில்லை. பேனா முனை தோலைக் குழித்துக்கொண்டு போகும்படி, அதே எழுத்தின் மேல் திரும்பத் திரும்ப, அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.