சுருளிராஜன் வீட்டுச் செய்முறை

பேர் போடாமல் ஒரு எவர்சில்வர் குடத்தைக்கூட யாருக்கும் கொடுத்து எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. காதுகுத்து என்றாலும் கருமாதி என்றாலும், பணமோ பாத்திரமோ, செய்முறை கொண்டுபோகிறவன் பேர் மைக்கில் கேட்க வேண்டும். கேட்டால்தான் வாங்கினவனுக்கு ஞாபகம் இருக்கும், நாளைக்கு நம் வீட்டுக்குத் திருப்பிச் செய்வான். செய்யாமல் விட்டவனை மண்டப வாசலிலேயே சட்டையைப் பிடித்துக் கேட்டவர்களும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் என் தங்கச்சி ஜோதிலட்சுமி செய்தது கிறுக்குத்தனமாகத்தான் படும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகையில் இலங்கையைப் புயல் அடித்தபோது அவளுடைய ஒரே மகன் சுருளிராஜன் அங்கே மலைக்குள் இருந்தான். போடியில் ஏலக்காய் உலர்த்தும் எந்திரம் செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. மிளகு காயவைக்க அந்த ஊர்க்காரர்கள் ஒரு எந்திரம் வாங்கியிருந்தார்கள், மாட்டிக்கொடுக்கப் போனான். அவன் தங்கியிருந்த தோட்டத்து வீட்டு வரிசையின் மேல் மலை சரிந்து உட்கார்ந்துவிட்டது. பட்டறைக்காரர் எனக்குத்தான் போன் செய்தார். பையன் மண்ணுக்குள் இருக்கிறான், எடுப்பார்களா என்று தெரியவில்லை என்றார்.

நான் தாய்மாமன். பிணத்துக்குக் கோடித்துணி போட வேண்டியவன். உடம்பு கிடைக்காவிட்டால் படத்தை வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் என்னை நச்சரித்தார்கள். ஜோதியிடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை. பிள்ளையை எடுத்துக் கண்ணில் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்பதோடு சரி. அவள் புருஷன் போய் வெகுகாலம் ஆகிறது. தன்னந்தனியாகக் கலெக்டர் ஆபீசுக்கும் கட்சி ஆபீசுக்கும் நடையாய் நடந்தாள். எல்லாரும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். அது வேறு நாடு, அங்கே தோண்டு என்று நாம் உத்தரவு போட முடியாது என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வியாபாரிகள் சங்கம் கூடியது. தூத்துக்குடியில் நிவாரணக் கப்பல் நிற்கிறது, தேனியிலிருந்து ஒரு லாரி போக வேண்டும் என்று தலைவர் வைகுண்டராஜ் ஆரம்பித்தார். அவருக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு கூடவே மிளகும் இருந்தது. அங்கிருந்து சரக்கு இறக்குகிறவர்கள் நாங்கள். இந்த நேரத்தில் கை கொடுத்தால் விலை பேசும்போது முகம் பார்ப்பார்கள் என்றார். நாம் போகாவிட்டால் சீனாக்காரன் முதலில் போய் நின்றுகொள்வான் என்றார் இன்னொருவர். கவர்மெண்டும் அதற்குத்தான் கப்பல் விடுகிறது என்றும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். நானும் மிளகு வியாபாரிதானே, பலமாகவே ஆட்டினேன்.

ஜோதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. நேராக வைகுண்டராஜ் முன்னால் வந்தாள்.

“கப்பலு திரும்புறப்ப வெறுங்கப்பலாத்தான வரும்?”

அவர் கையில் இருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பை எடுத்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம், இன்னும் எடுக்கவே இல்லையே என்று இழுத்தார்.

“அப்ப அவுகளுக்கு நாம எதுக்குக் குடுக்குறோம்?”

அவர் அவளைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். “நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அவுக செய்வாகல்ல ஆத்தா.”

“செய்வாகளா?”

“செஞ்சுதான் ஆகணும்.”

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் தன் உத்தமபாளையம் வயலில் விளைந்த அரிசி மொத்தத்தையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு என் குடோனுக்கு வந்து இறங்கினாள். தை மாதம் சுருளிக்குக் கல்யாணம் முடிக்க வைத்திருந்த அரிசி. கல்யாணத்துக்கு எடுத்த பாத்திரமும் போர்வைகளும் கூட இருந்தன. சரக்கு மூட்டையில் மார்க் போடும் மையையும் பிரஷையும் வாங்கிக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டையிலும் தானே எழுதினாள். ‘சுருளிராஜன் வீட்டுச் செய்முறை, தேனி’ என்று எழுதி, அடியில் போன் நம்பர்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

“பேரு இருந்தாத்தான அண்ணே திருப்பிச் செய்வாக. நான் வேற என்னத்தக் கேக்கப் போறேன். எம்புள்ளையத் தோண்டி எடுத்துக் குடுத்தாப் போதும்.”

ஆத்தா, நாடு நம்ம சம்பந்தி வீடு மாதிரி இல்லை, அரிசி சாப்பிடுகிறவன் ஒருவன், மண்வெட்டிக்கு உத்தரவு போடுகிறவன் வேறொருவன் என்று சொல்லியிருக்க வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. லாரி கிளம்பும்போது சங்கத்தார் பேனர் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஜோதி போனைக் கையை விட்டு இறக்கவில்லை. குளிக்கப் போனால்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத்தான் போவாள். மார்கழி பாதி போன பிறகு ஒரு மத்தியானம், நான் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்த பெண். யார் போனிலிருந்தோ பேசினாள். ஜோதி ஸ்பீக்கரில் போட்டாள். மூட்டையில் நம்பர் இருந்தது, ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கூப்பிட்டேன் என்றாள் அவள். குரலைக் கேட்டால் சின்ன வயசுதான்.

ஜோதி மகன் தங்கியிருந்த தோட்டத்தின் பேரைச் சொல்லி, அங்கே தோண்டுகிறார்களா என்று கேட்டாள்.

“நாங்களும் அந்தத் தோட்டம்தாங்கம்மா. தோண்டுறத நிப்பாட்டிட்டாங்க. இன்னும் சரியும்னு ஆளுங்களை உள்ள விடுறதில்ல. எங்க வீட்டுக்காரரும் சின்ன மகளும் அங்கதான் கெடக்குறாங்க. சாமியாரக் கூட்டிவந்து மண்ணு மேலயே பூசை வச்சிட்டாங்க.”

நான் சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். மறுமுனையில் ஒரு குழந்தை அழுதது. அந்தப் பெண் அதை அதட்டிவிட்டு மறுபடி பேசினாள்.

“முன்னப் பின்ன தெரியாத எங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு அனுப்புனீங்க?”

ஜோதி இப்போது மகன் பேரைச் சொல்லிக் கதறிவிடுவாள், எதற்காகக் கொடுத்தேன் தெரியுமா என்று கேட்டுவிடுவாள் என்றுதான் பயந்தேன். கேட்டிருந்தாலும் தப்பில்லை. போனை வாங்க நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

“சும்மாதான் ஆத்தா,” என்றாள். “அது புது அரிசி, சீக்கிரம் கொழஞ்சிரும். தண்ணியக் கொறச்சு வையி. பச்சப்புள்ளைக்கு மொதல்ல கஞ்சிய ஊத்து.”

சரிம்மா என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள். ஜோதி போனைத் தரையில் வைத்தாள். லாரி கிளம்பிய நாளிலிருந்து அதை அவள் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

“இனி தோண்ட மாட்டாகண்ணே. நீ போயி கோடி எடுத்துட்டு வா.”