காலக்கோடு

"இதையெல்லாம் எதுக்குப் படிக்கிறோம், சொல்லு பார்க்கலாம்?"

கலைமணி டீச்சர் ஒருமுறை பரிமளாவை எழுப்பி நிறுத்தி இப்படிக் கேட்டார். பத்தாம் வகுப்பு, சமூக அறிவியல் பாடவேளை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் சுற்றி மேலே வருகிற டீச்சர் அவர். வந்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் சாக்பீஸைத் தொடுவார். அன்று கரும்பலகையில் அடிப்படை உரிமைகள் ஆறும் வரிசையாக எழுதியிருந்தன. பரிமளாவுக்குப் பதில் தெரியும். ஆனால் பெஞ்சின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். பின் பெஞ்சிலிருந்து ராசப்பன், "மார்க்குக்குங்க டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "நீ உக்காரு கண்ணு, உனக்கு வாய் தொறக்கும்போது பள்ளிக்கூடமே மூடிருவாங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தை யாரும் மூடவில்லை. பரிமளாதான் நின்றுபோனாள். அரைப்பரீட்சை முடிந்த வாரத்தில் அப்பா குழந்தைசாமி மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி, ஏணி நழுவி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. அந்த வருசத்து மிளகை அம்மாவும் அவளும்தான் பறித்தார்கள். பறித்து, மிதித்து, காயவைத்து, மூட்டை கட்டி முடித்தபோது பொதுப்பரீட்சையும் முடிந்திருந்தது. அடுத்த வருசம் போகலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. பிறகு அந்தப் பேச்சும் இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருசமாக அவள் யாருக்கும் தெரியாமல் எழுதினாள். மரவள்ளிக் குச்சி அடுக்கிய பரணில் நான்கு நோட்டுகள் இருந்தன. முதலில் விட்டுப்போன பாடங்களின் கேள்விபதில்களை எழுதினாள். பிறகு காலக்கோடுகள். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி அது. ஒரு கோடு போட்டு, வருசங்களைக் குறித்து, எந்த வருசம் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். மற்ற பிள்ளைகளைப் பயமுறுத்திய அந்தக் கேள்வி பரிமளாவுக்கு மட்டும் பிடிக்கும். கோட்டின்மேல் எல்லாமே ஒழுங்காக நின்றது. அப்பா விழுந்த வருசம், ஆடு செத்த வருசம், ரோடு போட்ட வருசம் என்று வீட்டுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள்.

தங்கை தேன்மொழி இப்போது பத்தாம் வகுப்பு. மாசி பிறந்ததும் அத்தை முனியாயி தட்டோடு வந்தாள். அத்தை மகன் சிவபிரகாஷுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் வேலை. வருசத்தில் பத்து மாதம் ஆந்திரா, மகாராஷ்டிரா என்று சுற்றுகிறவன். முறைப்படி பார்த்தால் பரிமளாவைத்தான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வருசத்துக்கு முன்பு அப்படி ஒரு பேச்சு வந்தபோதே, "பேசாத பொண்ணக் கூட்டிட்டுப் போயி நான் சுவத்தோடயா பேசறது?" என்று அத்தை முடித்துவிட்டாள். இப்போது தேன்மொழியைக் கேட்டாள். அப்பா மறுக்கவில்லை. தேன்மொழியோடு கூடப் படித்த பெண் ஒருத்தி திருப்பூர் மில்லுக்குப் போனவள், யாரோடோ போய்விட்டாள் என்ற செய்தி அந்த வாரம்தான் ஊருக்குள் வந்திருந்தது.

அன்று ஓடையில் பாத்திரம் விளக்கும்போது தேன்மொழி கையில் சாம்பலோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பரீட்சை வரைக்குமாச்சும் தள்ளி வெக்கச் சொல்லுக்கா. நீ சொன்னா அப்பா கேக்கும்."

"நான் எங்க சாமி சொல்றது."

"அப்ப யாருதான் சொல்லுவா?"

மறுநாள் பரிமளா மிளகுக் கூடையோடு மேட்டுப் பாறைக்கு ஏறினாள். வளப்பூர் நாடு என்னும் மலைப்பகுதியில் அவர்கள் பக்கத்துக்கு அங்கேதான் போன் டவர் கிடைக்கும். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். தங்கையின் புத்தகத்துப் பின்னட்டையில் இருந்த குழந்தைகள் உதவி மையத்தின் நான்கு எண்களை அழுத்தி, எதிர்க்குரல் கேட்டதும் தாளைப் படித்தாள். பதினஞ்சு வயசு. பத்தாவது படிக்கிறா. வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல கல்யாணம். ஊர், அப்பா பெயர். "நீங்க யாரும்மா?" என்று கேட்டபோது அது தாளில் இல்லை. "பக்கத்து ஊடுங்க" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தாள். இறங்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது. டீச்சர் அப்போது எதிரே வந்திருந்தால் அன்றைய கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஜீப் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பெண் அதிகாரி ஒருவரும் ஒரு பெண் போலீசும் இறங்கினார்கள். வாசல் முழுக்கத் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்ததால் அதைச் சுற்றிக்கொண்டு ஓரமாக வந்தார்கள். கல்யாணப் புடவையோடு வந்திருந்த அத்தையும் அங்கேதான் இருந்தாள். தேன்மொழி பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி விட்ட விடுமுறையில் வீட்டில் இருந்தாள். தாவணியில் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். அக்காவை ஒருமுறை பார்த்தாள். யார் போன் பண்ணியது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துகொண்டாள்.

"பொண்ணுக்கு வயசு என்னங்க?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பா பதறவில்லை. நொண்டியபடி உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு மருந்துக்கடைப் பையை எடுத்து வந்தார். "பாருங்க. கெவர்மெண்ட் ஆஸ்பத்திரில குடுத்ததுங்க."

பைக்குள் இருந்த பிறப்புச் சான்றிதழை அதிகாரி வாய்விட்டுப் படித்தார். "பேரு தேன்மொழி. அப்பா குழந்தைசாமி. அம்மா பொன்னாயி." தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "பதினெட்டு முடிஞ்சு மூணு மாசம் ஆகுதே." கையோடு கொண்டு வந்திருந்த பள்ளிக்கூடப் பதிவின் நகலோடு ஒத்துப் பார்த்தார். அதிலும் அதே தேதி.

பரிமளா தங்கையின் பள்ளிக்கூடத் தேதியை முன்பே பார்த்திருக்கிறாள். தப்பு என்று இருவரும் சிரித்தும் இருக்கிறார்கள். மலையில் யாருக்குத்தான் அது சரியாக இருந்தது? அவள் வகுப்பில் பதினோரு பேர் ஒரே மே மாதத்தில் பிறந்தவர்கள். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. போட்டவர் போட்டது, பிறந்தவர் பிறந்தது என்றுதான் இருந்தாள். சட்டம் வந்தால் எந்தத் தேதியைப் பார்க்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. ஆனால் இது வாத்தியார் போட்டதல்ல. ஆஸ்பத்திரி முத்திரை.

கண்ணுக்குள் கோடு ஒன்று தானாக விழுந்தது. அந்தத் தாளின்படி தங்கை பிறந்தபோது பரிமளாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. ஆனால் தங்கை பிறந்தது அவளுக்கு நினைவிருந்தது. இதே வீட்டில், இதே அறையில். வெந்நீருக்குச் சுள்ளி எடுத்து வந்தவள் அவள். அதற்கும் முன்னால் வேறொரு நினைவு, பாதி அழிந்தது. பலா மரத்தடியில் அப்பா மண்வெட்டியோடு நிற்கிறார். அம்மா மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பலாவடியில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலில் ஒன்றரை வயதில் போனது. அதன் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை என்பது இப்போது புரிந்தது. தங்கையைக் கூப்பிடும்போதெல்லாம் நாள் தவறாமல் அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"புகார் பொய்யின்னு எழுதிக்கிறேன்" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

"அது இவ இல்லீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பரிமளாவுக்கே அது வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது.

"அது செத்துப்போன பிள்ளையோட காயிதமுங்க. இவ அதுக்கப்பறம் பொறந்தா."

"அடிப்பாவி," என்றாள் அத்தை. "இத்தன வருசம் வாயத் தொறக்காதவ இதுக்காடி தொறந்த? தனக்குக் கெடைக்கலைன்னு கூடப்பொறந்தவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போடறாளே!"

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "உண்மையாம்மா?"

பொன்னாயி மிளகைக் கிளறிக்கொண்டிருந்த குச்சியை விடவில்லை. "செத்தவன்னு இவ சொல்றாளுங்க. எங்களுக்கு அப்படித் தோணலீங்க. அவ போயி பத்தாம் மாசமே அவளே திரும்பி வந்துட்டாளுங்க. அதே மொகம். அதே எடத்துல மச்சம். அதனால அதே பேரு வெச்சோம். வந்தவளே வந்திருக்கறப்ப எதுக்குங்க இன்னொரு காயிதம்?"

தேன்மொழி தன் கழுத்து மச்சத்தின் மேல் கையை வைத்திருந்தாள். அவளுக்கும் இது புதிய செய்தி.

"செத்ததுக்கு சர்ட்டிபிகேட் வாங்கினீங்களா?"

"பொதைச்சமுங்க," என்றார் அப்பா. "அதுக்கு எதுக்குங்க சர்ட்டிபிகேட்?"

"இந்தப் பொண்ணு பொறந்ததுக்கு?"

"ஊட்டுலதான் பொறந்தா."

அதிகாரி பெருமூச்சு விட்டுத் திண்ணைக் கல்லில் உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை, காலையிலிருந்து சாப்பிடாதவர்போல் இருந்தார். பரிமளாவை அருகே அழைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இங்க பாரு கண்ணு. காயிதப்படி செத்தவ உசுரோட இருக்கா. இவ பொறக்கவே இல்ல. நீ சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு, நான் கல்யாணத்த இப்பவே நிறுத்தறேன். ஆனா ஒண்ணு. எழுதிட்டா இந்த சர்ட்டிபிகேட் பொய்யாயிரும். உங்கப்பா மேல கேஸ் வரும். பள்ளிக்கூடப் பதிவும் நிக்காது. புதுசா தேதி வாங்கி, பேரு வாங்கி, எல்லாம் கோர்ட்டு வழியா வரணும். இந்தப் பரீட்சைக்கு வராது. அடுத்த பரீட்சைக்கும் வருமான்னு எனக்குத் தெரியல."

"எழுதலைன்னாங்க?"

"எழுதலைன்னா எங்கிட்ட இருக்கறது இந்தத் தாளுதான். இதுல பதினெட்டு ஆயிருச்சு."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். பரிமளா வாங்கிக்கொண்டாள். நான்கு நோட்டு எழுதிய கை அது. பெறுநர் எழுதினாள். ஊர் எழுதினாள், தேதி எழுதினாள். அதற்குக் கீழே வாக்கியம் வரவில்லை. கை பழக்கத்தில் ஒரு கோடு போட்டது. கோட்டில் முதல் புள்ளி வைத்தாள். தேன்மொழி பிறந்தாள். இரண்டாவது புள்ளி, தேன்மொழி இறந்தாள். மூன்றாவது புள்ளியில் பேனாமுனை நின்றது. அங்கே 'பிறந்தாள்' என்ற ஒரு சொல்லை எழுதினால் தங்கைக்குக் கல்யாணம் இல்லை, பரீட்சையும் இல்லை, பெயர்கூட இல்லை. எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை போர் லாரிக்காரன் வீட்டுக்குப் போவாள். ஹால் டிக்கெட் மட்டும் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரோடு கிடக்கும்.

அப்பா தலையைக் குனிந்து தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பெண் போலீஸ் மணி பார்த்தாள்.

பரிமளா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். "எழுதட்டுமா கண்ணு?"

தேன்மொழி கதவோரத்திலிருந்து இறங்கி வந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள். கோட்டையும் இரண்டு புள்ளிகளையும் படித்தாள். இரண்டிலும் தன் பெயர் இருந்ததை, உதடு அசைய, ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையில் குச்சி நின்றிருந்தது.

"சொல்லு சாமி. நீ சொல்றதத்தான் எழுதுவேன்."

தேன்மொழி திரும்பினாள். ஓரமாகச் சுற்றிப் போகவில்லை. மூன்று வயதுப் பிள்ளைகூட மலையில் காய்கிற மிளகை மிதிக்காது. அவள் தார்ப்பாயின் நடுவே நேராக நடந்தாள். மிளகு நொறுங்கும் சத்தம் கேட்டது. பாய் முடிந்த இடத்தில் அவள் காலைத் தட்டவும் இல்லை. பலா மரத்தைத் தாண்டி, பஸ் ரோட்டுக்கா ஓடைக்கா என்று தெரியாத அந்தப் பிரிவுப் பாதையில் இறங்கி மறைந்தாள். கருத்த மிளகின் நடுவே அவள் கால் பட்ட இடமெல்லாம் நீலத் தார்ப்பாய் வெளியே தெரிந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கோட்டில், பெயர் எழுதாத புள்ளிகளாக.