ஜெப நேரத்தில் வந்த போன்

ரோசம்மாளின் ஜெபத்துக்கு கே.கே. நகரில் தனி மரியாதை உண்டு. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், யார் பிள்ளைக்கு வேலை தள்ளிப் போனாலும், தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எல்லார் பார்வையும் அவள் பக்கம்தான் திரும்பும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பொழுது சாய்ந்து மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டுவிட்டால், கூரையே இடிந்து விழுந்தாலும் ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

ஒரு வருஷமாக அந்த ஜெபமாலை முழுவதும் மகள் லின்சிக்குத்தான். லின்சி ஜெயக்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தாள். கோயிலில் பங்குச் சாமியார் மந்திரித்து ஆசீர்வதிக்காத கல்யாணம் ரோசம்மாளுக்குக் கல்யாணமே இல்லை. மகள் வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. போனில் மட்டும் பேசுவாள், பேச்சு எங்கே தொடங்கினாலும், "எப்பத்தான் கோயில்ல வந்து மந்திரிச்சுக்குவீங்க?" என்பதில் போய் முட்டும். அது நடக்கும்வரை ஜெபமாலையை நடுவில் நிறுத்துவதில்லை என்று நேர்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தினால் நேர்ச்சை பலிக்காது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். மாதா அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

லின்சி முழுகாமல் இருந்தாள். நாலாம் மாதம்.

அன்று ஜெபம் பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. லின்சி பெயரைப் பார்த்துவிட்டுக் கணவர் ஸ்தனிஸ்லாஸ் கையை நீட்டினார். வாயில் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரோசம்மாள் கண்ணால் அவரை அதட்டினாள். மனுஷர் கையை இழுத்துக்கொண்டார். அடங்கிய போன் மறுபடி அடித்தது. அவளே எட்டி அதன் சத்தத்தை நிறுத்திவிட்டு, மகளுக்காக இன்னும் உருக்கமாக மணியை உருட்டினாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான்.

மாலை, மன்றாட்டு, பாட்டு என்று எல்லாம் முடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது சம்பந்தியம்மா பொன்னுத்தாய்.

"புத்தூர் ஆஸ்பத்திரில இருக்கோங்க. புள்ள தங்கலைங்க. பதறாம வாங்க."

ஆட்டோ மன்னார்புரம் தாண்டியும் ஸ்தனிஸ்லாஸ் முகத்தை வெளிப்பக்கமே திருப்பி வைத்திருந்தார். அவர் திட்டித் தொலைத்தால் தேவலாம் என்றிருந்தது ரோசம்மாளுக்கு.

ஜெயக்குமார் வேலையாகச் சென்னை போயிருந்தான். தனியாக இருந்த லின்சி, உதிரம் கண்டதும் முதலில் கூப்பிட்டது அம்மாவைத்தான். அம்மா எடுக்காத பிறகே மாமியாருக்குப் போட்டாள். உத்தமர்கோயிலில் இருந்த பொன்னுத்தாய் கட்டிய சேலையோடு யார் பைக்கிலோ ஏறி, கொள்ளிடம் பாலம் தாண்டி ஓடி வந்திருந்தாள். முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். ரோசம்மாளுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. பயந்துபோன பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது, அம்மா எடுக்கவில்லை. அதற்கு எந்த டாக்டர் என்ன சொல்லிவிட முடியும்?

"வாங்கம்மா, உக்காருங்க" என்றாள் லின்சி.

ரோசம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசத் தெரிந்த நாளிலிருந்து லின்சி அம்மாவை 'வா, போ' என்றுதான் பேசுவாள். சண்டையில்கூட "போம்மா நீ" என்பாள். பங்குச் சாமியாரிடமும் டீச்சர்களிடமும் பேசுகிற மரியாதை இன்று அம்மாவுக்குக் கிடைத்திருந்தது.

"உனக்காகத்தான்டி ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்தேன்..."

"தெரியும்மா. அந்த நேரத்துல எடுக்க மாட்டீங்கன்னு தெரியும். பயத்துல போட்டுட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் கையைக் காலைப் பிடித்தாவது ரோசம்மாள் தணித்திருப்பாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஞாயிறு தவறாமல் பூசையில் நெஞ்சில் தட்டிக்கொண்டு என் பாவமே, என் பாவமே என்று சொல்கிற வாய்க்கு, பெற்ற மகளிடம் அந்த ஒரு சொல் வரவில்லை.

பொன்னுத்தாய் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மாதான் வந்துட்டாங்கல்ல கண்ணு. நான் போயி காப்பி வாங்கியாரேன்."

லின்சி சட்டென்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நீ போகாத."

பொன்னுத்தாய் என்ன செய்வதென்று தெரியாமல் ரோசம்மாளைப் பார்த்தாள். ரோசம்மாள் அவள் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு காப்பி வாங்கப் போனாள்.