கட் சொன்ன பிறகு

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கத்துவதும் அதில் சேர்ந்ததுதான். நாள் முழுக்க "பிரேக், பிரேக்!" என்று கத்திக் கத்தி என் தொண்டைக்குத் தனி பலம் வந்துவிட்டது. அன்று அந்தத் திரையரங்கில் நான் எழுந்து நின்று போட்ட சத்தத்தில், முன்வரிசை மனிதர் ஒருவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். என் அப்பா சண்டைப் படங்களில் ஒரு கதாநாயகனுக்கு டூப். உயரம், தோள், நடை எல்லாம் அச்சு அசல் அவரேதான். முகம் மட்டும் சம்பந்தமே இல்லை. அதனால் கேமராவுக்கு முதுகைக் காட்டியே காலத்தை ஓட்டினார். படப்பிடிப்பில் அவரை எல்லோரும் கூப்பிட்டதே 'முதுகு' என்றுதான். கட் என்ற சத்தம் கேட்கும்வரை திரும்பவே கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதாம். சுவரைப் பார்த்து ஓர் ஆணி அடித்தால்கூட, அடித்து முடித்துத் திரும்பி "ஓகேவா?" என்று கேட்பாராம். அம்மா ஓகே சொல்லும்வரை சுத்தியலைக் கீழே வைக்க மாட்டாராம்.

நான் நடை பழகிய வயதில் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கல்யாண போட்டோ. அதிலும் மனிதர் குனிந்திருக்கிறார். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாராம்!

"சிரிச்சா ஒரு பக்கமா வாய் கோணும்டி உங்கப்பாவுக்கு," என்பாள் அம்மா. "எந்தப் பக்கம்னுதான் மறந்துபோச்சு." வாடகை, முழங்கால் வலி, என் கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் சத்தமாகப் புலம்புகிறவள், இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். எனக்கு அந்த முகம் மறக்கவும் இல்லை. தெரிந்திருந்தால்தானே மறப்பதற்கு.

அப்பா வேலை செய்த கடைசிப் படம் பாதியில் நின்றுபோனது. கதாநாயகன் தயாரிப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர், போனவர்தான். படத்திலிருந்த சண்டைகளைவிட அந்தச் சண்டைதான் பிரமாதம் என்பாள் அம்மா. அந்தப் படத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள் என்றும், மூன்றையும் ஒரே நாளில் போட்டு எது தேவலை என்று பேசப்போகிறார்கள் என்றும் செய்தி வந்தது. அம்மா இருப்பதிலேயே நல்ல உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டாள்.

"மூணுல ஒண்ணுலயாவது முகம் தெரியாமலா போயிடும்?" என்றாள்.

முதலாவது, தயாரிப்பாளரே அந்தக் காலத்தில் ஒப்பேற்றியது. இப்போது கறை, கீறல் எல்லாம் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். கதாநாயகன் போன பிறகு மிச்சக் கதையை அப்பாவை வைத்தே ஓட்டியிருந்தார்கள். நாயகனுக்கு உலகத்தின் மீதே கோபம் வந்துவிட்ட மாதிரி, பாதிப் படத்துக்கு மேல் யாரைப் பார்த்தாலும் முதுகுதான். தேடி வந்த காதலிக்கும் முதுகு. சாகக் கிடக்கும் தம்பிக்கும் முதுகு. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

"பாவம், அப்பல்லாம் கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னு வந்து படுப்பாரு."

படிக்கட்டுச் சண்டையில் மட்டும் சிரிப்பு நின்றது. அடியாட்கள் கீழேயிருந்து ஏறி வர, அப்பா அவர்களை உருட்டிவிட்டுக்கொண்டே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக மேலே வருகிறார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் தானாகப் படியைக் கண்டுபிடிக்கிறது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாலே அழுகிற என் மாணவர்களுக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் முகம் தெரியவில்லை.

இரண்டாவது, திரைப்படக் காப்பகத்தின் பதிப்பு. கதாநாயகன் தானே நடித்த காட்சிகள் மட்டும். மற்ற இடங்களில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'இக்காட்சி படமாக்கப்படவில்லை.' படிக்கட்டுச் சண்டைக்கும் அதே எழுத்துதான்.

"படமாக்கப்படலையாம்," என்றாள் அம்மா மெதுவாக. "அப்ப மண்டையில தையலோட வீட்டுக்கு வந்தது யாராம்?"

மூன்றாவது, புத்தம் புதியது, கம்ப்யூட்டர் வேலை. தயாரிப்பாளர் அந்தக் காலத்தில் ஒதுக்கிப் போட்ட துண்டுகளையும் தேடியெடுத்துச் சேர்த்திருந்தார்கள். படிக்கட்டுச் சண்டை வந்தது. கடைசிப் படியில் அப்பாவின் தோள் லேசாகப் பக்கவாட்டில் திரும்பியது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"திரும்புறாருடி! பாரு, பாரு!"

திரும்பினார். அப்பாவின் கழுத்தின்மேல் கதாநாயகனின் முகம் இருந்தது.

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்கியதும் கூட்டத்தை நடத்தியவர் மைக்கைப் பிடித்து, "இவருடைய திரை வாழ்க்கையின் ஆகச்சிறந்த சண்டை இதுதான்" என்று ஆரம்பித்தார். அப்போதுதான் நான் எழுந்தேன்.

"அது எங்கப்பா! கை, கால், முதுகு எல்லாம் எங்கப்பா! மூஞ்சி மட்டும்தான் அவரு!"

"உக்காருடி, மானத்தை வாங்காத," என்று அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள்.

பேச்சுக்கு நடுவே விட்ட இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு ஓரமாக நின்றிருந்தோம். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அந்த முகத்தை ஒட்டினது நான்தான்," என்றாள்.

"வாங்கம்மா, உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்," என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எவ்வளவு வேணா திட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு தடவையும் கட் ஆனதும் அவரு திரும்பி எதையோ கேக்குறாரு. சத்தம் பதிவாகலை. என்ன கேக்குறாருன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்."

அம்மாவின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"திரும்புறாரா? அவரு முகத்தோடயா?"

"அவரு முகத்தோடதான். கட்டுக்கு அப்புறம் இருக்கிறதை யாரும் படத்துல சேர்க்க மாட்டாங்க. படிக்கட்டுல மட்டும் அந்தத் திரும்பலை எடுத்து முகத்தை மாத்தினேன், மத்ததெல்லாம் மூணு பதிப்புலயுமே வெட்டியாச்சு. ஆனா எங்கிட்ட இருக்கு."

மறுநாள் காலை அவளுடைய வேலை அறைக்குப் போனோம். அறையில் நாற்காலிகளைவிட ஒயர்கள் அதிகம். அம்மாவை நடுவில் உட்காரவைத்து விளக்கை அணைத்தாள்.

அதே படிக்கட்டு. அடியாட்கள் உருண்டார்கள். முதுகு மேலே வந்து நின்றது. பிறகு திரும்பியது. நெற்றியில் வியர்வையோடு ஒட்டிய முடி, கொஞ்சம் பெரிய மூக்கு. என்னைவிட வயதில் சின்னவர்! என் அப்பா ஒரு சின்னப் பையன் என்று எனக்கு யாரும் சொல்லவேயில்லை. புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்டார். பதில் வருவதற்குள் துண்டு முடிந்துவிட்டது.

அடுத்தது கூரைமேல். அதற்கடுத்தது மழையில். ஒவ்வொன்றிலும் திரும்பினார், கேட்டார், அதற்குள் முடிந்துபோனது. நான் அழுதேன், சத்தமே வராமல்.

"என்னம்மா கேக்குறாரு?" என்றாள் அந்தப் பெண்.

"ஓகேவான்னு கேக்குறாரு," என்றாள் அம்மா. "வேற என்ன கேக்கத் தெரியும் அவருக்கு?"

இன்னொரு துண்டு. கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு போய் விழுந்தவர் எழுந்தார். உடம்பெல்லாம் தூசி. திரும்பிக் கேட்டார்.

"ஓகேங்க," என்றாள் அம்மா திரையைப் பார்த்து. "நல்லாவே இருக்கு. சுத்தியலைக் கீழ வைங்க."

கடைசித் துண்டு மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம். அப்பா திரும்பினார், புருவத்தைத் தூக்கினார், காத்திருந்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ கட்டை விரலைக் காட்டியிருக்க வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இடது பக்கம்டி," என்றாள்.