அவளுக்கு வந்த விளம்பரங்கள்

வாரப் பத்திரிகை ஒன்றில் ‘சாவித் துவாரம்’ என்ற பத்தியை எழுதுகிறவன் நான். உங்கள் போன் ஒட்டுக்கேட்கிறது, உங்கள் டி.வி. உங்களைப் பார்க்கிறது, ஓசியில் கிடைக்கும் செயலிக்கு நீங்கள்தான் விலை என்று வாராவாரம் பயமுறுத்துவேன். வாசகர்கள் பயந்துபோய், அந்தக் கட்டுரையை அதே போனில் அதே செயலி வழியாக நாலு பேருக்கு அனுப்புவார்கள். அப்படித்தான் எனக்குப் பெயர் கிடைத்தது.

வீட்டில் என் தொல்லை இன்னும் அதிகம். கேமரா வைத்த காலிங் பெல் வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கிறேன். மளிகைக் கடையில் போன் நம்பர் கேட்டால் கொடுக்க மாட்டேன். பில் போடும் பெண்ணுக்கு ஒரு சொற்பொழிவு கொடுப்பேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவள் சட்டென்று ஒரு நம்பரைச் சொல்லி என்னை வெளியே இழுத்து வருவாள்.

“அது யார் நம்பர்?”

“யாருக்குத் தெரியும். வாயில வந்தது.”

வீட்டிலிருந்த எல்லா கேமராக்களுக்கும் கறுப்பு டேப் ஒட்டினேன். சமையலறை டேப்லெட்டுக்கு வரும்போது டேப் தீர்ந்துவிட்டது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி அவளே அதில் ஒட்டினாள். “பாவம், கண்ணுல அடி” என்றாள்.

‘உங்கள் மனைவியைவிட உங்கள் போனுக்கு உங்களை நன்றாகத் தெரியும்.’ இது என் புகழ்பெற்ற வாக்கியம். கூட்டங்களில் சொன்னால் கைதட்டுவார்கள். “அப்ப உங்க சாவிக்கொத்து எங்க இருக்குன்னு அதுகிட்டயே கேளுங்க” என்பாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. நான் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். மூன்றாவது வாரமே பத்தியைத் தொடர்ந்தேன். ‘கடவுச்சொல்லை மாற்றினீர்களா?’ என்பது தலைப்பு. நன்றாகத் தேறிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எதிலிருந்து என்று எனக்குத்தான் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஜெயிச்சிட்டீங்க போங்க! செய்தி பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். இணைய விளம்பரங்களை நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்று இறங்கி வந்திருந்தது. ஒவ்வொருவரும் எதைத் தேடினார்கள், எதன்மேல் ஆசைப்பட்டார்கள் என்று அது ஒரு பதிவு வைத்திருக்கும். ஒரு கணக்கில் யாரும் பல மாதம் எதையும் தேடாமல் இருந்தால், இந்த மாதக் கடைசியோடு அந்த ஆசைகள் எல்லாம் தாமாக அழிந்துவிடும். இதற்காக நான் வருஷக்கணக்கில் கத்தியிருக்கிறேன். ‘செத்தவர்களின் ஆசைகளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?’ என்று ஒரு கட்டுரைகூட எழுதினேன். அப்போது எங்கள் வீட்டில் யாரும் செத்திருக்கவில்லை.

“மாசக் கடைசி இதழுக்கு வெற்றிக் கட்டுரை வேணும். கொஞ்சம் சந்தோஷமா எழுதுங்க” என்றவர், என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதாவது… உங்களால முடிஞ்ச அளவுக்குச் சந்தோஷமா.”

வீட்டுக்கு வந்து சமையலறை இழுப்பறையிலிருந்து டேப்லெட்டை எடுத்தேன். அவள் போன பிறகு அதை யாரும் தொட்டதில்லை. சார்ஜ் ஏறியதும் அவள் கணக்கிலேயே திறந்துகொண்டது. விளம்பரங்கள் வராமல் இருக்க அதில் நானே ஒரு தடுப்பான் போட்டு வைத்திருந்தேன். நானே அதை எடுத்தேன். வாயில் அடைத்த துணியை எடுத்ததும் பேசத் தொடங்குகிற ஆளைப்போல் பக்கம் முழுவதும் விளம்பரங்கள் வந்தன.

பூனையைத் தூக்கிப்போகும் கூடை. பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு. மஞ்சள் மழைக்கோட்டு. முழங்கால் வலிக்கு ஒரு பட்டை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் எதற்கெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறாள்! பூனை வளர்க்க நினைத்திருக்கிறாள். என்னிடம் கேட்டால் பூனையின் கழுத்துப் பட்டையில் ஒற்றுக் கருவி இருக்கும் என்று சொல்லியிருப்பேன், அதனால் கேட்கவில்லை. முழங்கால் வலித்திருக்கிறது. அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, அந்த நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறாள்.

அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்ததும் டேப்லெட்டின் முன் உட்கார்ந்தேன். விளம்பரத்தை ஒழிக்க எழுதிப் பிழைத்தவன், விளம்பரம் பார்க்க ஆபீசிலிருந்து ஓடிவந்தேன். உலகத்தில் எல்லோரும் அவளைப் பற்றி ‘இருந்தாள்’ என்றார்கள். அந்தத் திரை மட்டும்தான் ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று அவளிடம் பேசியது.

ஆபீஸ் போகும் வழியில் ஒரு நீச்சல் குளம் உண்டு. ஒரு காலையில் அதன் கம்பி வேலியோரம் நின்று, அவள் இந்தத் தண்ணீரில் எப்படி இருந்திருப்பாள் என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன். காவலாளி வந்தார்.

“சார், லேடீஸ் குளிக்கிற நேரம். இப்படி நின்னு பாக்கக் கூடாது.”

“இல்ல, நான் வந்து…”

“பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க. ஒருத்தருக்கு பிரைவசின்னு ஒண்ணு இருக்கில்ல?”

இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு நடையைக் கட்டினேன்.

அவள் ஆசைகள் அழியாமல் இருக்க ஒரே வழி, அவளைப்போல் நானே தேடுவது. பூனைக் கூடை என்று தேடினேன். பூனைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தேடினேன். முழங்கால் வலி ஏன் வருகிறது என்று நாலு பக்கம் படித்தேன். அவள் நிதானமாகப் படிப்பாள் என்பதால் நானும் மெதுவாக விரலை நகர்த்தினேன். இயந்திரத்தை ஏமாற்றுவது எப்படி என்று வாசகர்களுக்கு வகுப்பு எடுத்தவன் அல்லவா?

அது ஏமாறவில்லை. சில நாளில் நீச்சல் வகுப்பு காணாமல் போனது. அந்த இடத்தில் முடி கொட்டுவதை நிறுத்தும் எண்ணெய் வந்தது. நான் முடியைப் பற்றித் தேடவே இல்லை. என் தலையை எங்கிருந்து பார்த்தது என்று கேமராவைப் பார்த்தேன். பிளாஸ்திரி அப்படியே இருந்தது. அடுத்து, முதுகு வலிக்குத் தலையணை. அதற்கடுத்து, ‘தனியாக இருக்கிறீர்களா? உங்கள் ஊரில் பேச ஆள் இருக்கிறது’ என்று ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். மஞ்சள் மழைக்கோட்டு ஒரு மூலைக்குப் போய்விட்டது.

அவளாக நடிக்கப் போய் அவளை நானாக மாற்றிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசிக்கு அந்த நிறுவனம் அழிக்க எதையும் மிச்சம் வைக்க மாட்டேன் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் அவளுடைய தங்கைக்குப் போன் செய்தேன்.

“உங்க அக்கா இணையத்துல என்னெல்லாம் தேடுவா?”



“அத்தான், நீங்க சரியாச் சாப்பிடுறீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை மச்சினி தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தை வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன மாப்ள, இப்படி இளைச்சுட்டீங்க” என்று நேரே சமையலறைக்குள் போனார். வீட்டில் டீத்தூள் இல்லை என்று கண்டுபிடித்துத் திரும்பி வந்தார். மூவரும் வெந்நீரை வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

நான் டேப்லெட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். செய்திக் கட்டுரை வாசிக்கும் குரலில்தான் சொன்னேன். மாதக் கடைசி, பதிவுகள், அவளுடைய ஆசைகள்.

“நீ அவளை மாதிரித் தேடினா அது நம்பும். அவ பூனை வளர்க்க ஆசைப்பட்டிருக்கா. அதுல இருந்து ஆரம்பி.”

மச்சினி திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அத்தான், இது என் பூனை.”

“என்னது?”

“என் பூனையை ஊசி போடக் கொண்டுபோக கூடை வேணும்னு, இங்க வந்தப்ப நான்தான் பாத்தேன். அக்காவுக்குப் பூனைமுடின்னாலே தும்மல் வரும். மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. கூடையைப் பார்த்ததும் அந்தத் தும்மல் எனக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

“நீச்சல்?”

“நீச்சலா? அதுவும் நான்தான். அக்கா பக்கெட்ல தண்ணி நிறைஞ்சாலே தள்ளி நிப்பா.”

அத்தை தொண்டையைக் கனைத்தார். “அந்தப் பட்டை என்னோடது மாப்ள. முட்டி குடைச்சல் எடுக்குதுன்னு சொன்னேன். அவதான் ‘இதுல பாரும்மா’ன்னு கையில குடுத்தா. பாத்தேன். விலையைப் பாத்துட்டு வெச்சுட்டேன்.”

“மஞ்சள் மழைக்கோட்டு?” திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினேன்.

“என் தம்பி பேத்திக்கு. பள்ளிக்கூடம் போற பிள்ளை. ஏன், பெரிய சைஸாவா தெரியுது?”

நீச்சல் கற்க விரும்புகிற, பூனை வளர்க்கிற, முழங்கால் வலியோடு மஞ்சள் கோட்டில் பள்ளிக்கூடம் போகிற, முடி கொட்டுகிற ஒரு பெண். இந்தப் பெண்ணுக்காகத்தான் நான் வேலியோரம் நின்று திட்டு வாங்கினேன். ஒரே கருவியைப் பல பேர் பயன்படுத்தினால் பதிவு குழம்பும் என்று தெளிவாக எழுதியவனும் நானே. என் பத்தியை நானே படிப்பதில்லை போலிருக்கிறது.

“அப்ப அவ தேடினது எங்கே?” என்று கேட்டேன். “அவளும் இதைத்தானே தினமும் வெச்சிருந்தா?”

“அக்கா அந்தக் கறுப்பு விண்டோலதான் தேடுவா, அத்தான்.”

“எந்தக் கறுப்பு விண்டோ?”

“அதான், பிரைவேட் விண்டோ. மூடினா எல்லாம் போயிடுமே. நாங்க நேரடியாத் தேடினா திட்டுவா. ‘உங்க அத்தான் தொண்டை கிழிய எழுதுறார், ஒருத்தியாவது கேக்கணும்ல’ம்பா.”

அத்தை சிரித்தார். “என்னையும் திட்டுவா. எனக்கு அதைத் திறக்கத் தெரியலை.”

நான் எழுதுவதையெல்லாம் அவள் கேலி செய்யத்தான் படிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். பத்து வருஷமாக எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் வாசகர்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். சொன்னபடி நடந்தது ஒரே ஒருத்தி. அதுவும் அவ்வளவு ஒழுங்காக.

கறுப்பு விண்டோவைத் திறந்தேன். காலியாக இருந்தது. மூடியதும் இங்கே எதுவும் மிஞ்சாது என்று ஒரு வரி மட்டும் நின்றது. அந்த வரியை நம்பாதீர்கள் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். மூடினேன். திரும்பத் திறந்தேன். எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

“என்ன தேடுவா?” என்றேன்.

மச்சினி தோளைக் குலுக்கினாள். “யாருக்குத் தெரியும்? எட்டிப்பாத்தா திரையை மூடிடுவா. ‘உனக்கெதுக்கு’ம்பா.”

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதம் கழித்து வந்ததால் அது சிரிப்பு மாதிரி ஒலிக்கவில்லை. அத்தை பதறி என் முதுகில் தட்டினார். தட்டத் தட்ட அது வேறொன்றாக மாறியது. இரண்டு பேரும் என்னைத் தடுக்கவில்லை. வெந்நீர் ஆறிப்போனது.

போகிற நேரத்தில், மச்சினி தன் வீட்டில் இருப்பவர்களை வீடியோ காலில் கூப்பிட்டு, பூனையைக் காட்டி என்னைச் சிரிக்கவைக்கலாம் என்று டேப்லெட்டை எடுத்தாள். கேமராவை மறைக்கும் பிளாஸ்திரியில் நகத்தை வைத்தாள்.

“எடுக்காதே!”

தேவைக்கு மேல் சத்தமாகக் கத்திவிட்டேன். அவள் கை அப்படியே நின்றது. பிளாஸ்திரியின் ஒரு முனை கிளம்பியிருந்தது. கத்தரிக்கோல் பழசு, அதனால் விளிம்பு நேராக இல்லாமல் பிசிறடித்திருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம்.

அத்தை டேப்லெட்டை வாங்கி, கிளம்பிய முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தார்.

“ஒட்டிக்கிச்சு மாப்ள” என்றார்.

வெற்றிக் கட்டுரையை நான் எழுதவில்லை. பிரைவேட் விண்டோ உண்மையிலேயே வேலை செய்யுமா என்று ஒரு வாசகர் விடாமல் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதினேன். இணைய இணைப்பு தருகிறவர்களுக்குத் தெரியும், ஆபீசில் தேடினால் ஆபீஸ்காரர்களுக்கும் தெரியும் என்ற வழக்கமான எச்சரிக்கைகளைச் சொன்னேன். ஆனால் ஒரு வீட்டுக்குள், ஒரு கருவிக்குள், அது சொன்னபடி நடக்கிறது. நானே என் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். எவ்வளவு தேடியும் ஒரு தடமும் கிடைக்கவில்லை. அத்தோடு, மனைவியைவிட போனுக்கு நன்றாகத் தெரியும் என்று இதுவரை எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

ஆசிரியர் போன் செய்தார். “முதல் தடவையா ஒரு பொருளைப் பாராட்டி எழுதியிருக்கீங்க. ஆனா படிச்சா ஏன் ஒரு மாதிரியா இருக்கு?”

“எழுத்துப்பிழை ஏதாவது இருக்கும்” என்றேன்.

மாதம் முடிந்தது. கணக்கை நான் பயன்படுத்திக்கொண்டே இருந்ததால் எதுவும் அழியவில்லை. அழிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்த முழங்கால் பட்டையை அத்தைக்கு வாங்கி அனுப்பினேன். வாழ்க்கையில் நான் தொட்ட முதல் விளம்பரம் அதுதான். சரியாகப் பொருந்துகிறது என்று அத்தை சொன்னார்.

வாங்கிய பிறகும் அதே பட்டையின் விளம்பரம் தினமும் வந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிற இயந்திரத்துக்கு, முடிந்துபோன ஒன்று முடிந்துவிட்டது என்பது மட்டும் உறைக்கவில்லை. அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று ஆசிரியர் சொல்கிறார். அதைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை என்று சொல்லிவிட்டேன்.