ஆற்றைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்

எங்கள் ஊர் வெள்ளத்தை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். இங்கே மழை பெய்து ஆறு வராது. எங்கள் வானம் வெளுத்துக் கிடக்கும், கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும், கோழி புழுதியைக் கிளறிக்கொண்டிருக்கும். அப்போதுதான் வரும். மேலே ஆந்திரா மலைகளில் இரண்டு நாள் பெய்த மழையை அங்குள்ள அணையில் பிடித்துவைத்து, இனித் தாங்காது என்றானதும் திறந்துவிடுவார்கள். மற்றபடி கொசஸ்தலை ஆறு வருஷத்தில் பதினோரு மாதம் வெறும் மணல். அதில் மாடு கட்டுவார்கள், ஓரத்துப் படுகையில் வேர்க்கடலை போடுவார்கள், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அது ஆறு என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது.

என் பெயர் ஹேமாவதி. பிறந்தது ஆந்திரா பக்கம், வாழ்க்கைப்பட்டது பள்ளிப்பட்டுக்கு அருகில் இந்தப் பக்கம். நடுவே எட்டு கிலோமீட்டர்தான். 1960-ல் எல்லையை மாற்றியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, எங்கள் பாட்டன் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் நிற்கவில்லை. என் புகுந்த ஊரில் பாதிப் பேர் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய பத்திரங்கள் பல வீடுகளில் தெலுங்கில்தான் கிடக்கின்றன. சக்திவேலின் நிலத்துப் பத்திரத்தை அவனுக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னவளே நான்தான். அன்றைக்கு நான் அவனுக்குத் தங்கச்சி. சண்டை என்று வந்தால் மட்டும் ஆந்திராக்காரி.

என் அக்கா புருஷன் பக்தவச்சலம் பாவா அந்த அணையில் மதகு திறக்கும் வேலையில் இருக்கிறார். திறக்கச் சொல்லிச் சேதி வந்ததும் எனக்குப் போன் போடுவார். "நீள்ளு வதுலுதுன்னாரு, அம்மாயி" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நான் தெருவில் இறங்கி, "தண்ணி வுடறாங்க!" என்று கத்துவேன். மதகு திறந்த மூன்று மணி நேரத்தில் தண்ணீர் எங்கள் ஊரைத் தொடும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும் வரும்தான். ரோட்டோர ஊர்களை முடித்துக்கொண்டு அது எங்கள் பக்கம் திரும்புவதற்குள் ஆறு முந்திக்கொள்ளும். ஒன்பது வருஷம் என் தொண்டையை நம்பித்தான் இந்த ஊர் மாட்டை அவிழ்த்தது. அதற்காக எனக்கு யாரும் மாலை போட்டதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை.

போன கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. வந்தது என்ன, வருவதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை மதகு திறப்பதாகப் பாவா போன் செய்தார். வழக்கம்போலக் கத்தினேன். ஊரே ஓடியது. படுகையில் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலை போட்டிருந்த சக்திவேல், ஆள் வைத்துப் பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் பிடுங்கினான். இன்னும் பதினைந்து நாள் மண்ணில் இருந்திருக்க வேண்டிய கடலை. புயலோ வடக்கே திரும்பிக்கொண்டது. மதகைத் திறக்கவே இல்லை. பிடுங்கிய செடியில் பாதி பொக்கு, உள்ளே பருப்பே இல்லை.

திரௌபதி அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். சக்திவேல் ஒரு கொத்துக் கடலைச் செடியை என் காலடியில் வீசினான்.

"மேல இருந்து ஒருத்தன் போன் பண்ணுவான், இவ கத்துவா, நாம நம்ம வயித்துல அடிச்சிக்கணுமா? நம்ம ஊரு நல்லா இருக்கறது இவங்களுக்குப் புடிக்காது. அதான் விஷயம்."

"அவங்க தொறக்கலன்னா நான் இன்னாங்க பண்ணுவேன்?" என்றேன்.

"பேசாத!"

கோயில் தர்மகர்த்தா தணிகைமணி நியாயம் சொன்னார். ஆற்றைப் பற்றி நான் இனி வாய் திறக்கக் கூடாது. அதோடு விட்டிருக்கலாம். சக்திவேலுக்கு மனம் ஆறவில்லை.

"வாயால சொன்னா ஆச்சா? தணிகை மலைய பாத்து சத்தியம் பண்ணட்டும். கற்பூரத்த கையில ஏத்துங்க."

எங்கள் ஊரிலிருந்து திருத்தணி மலை தெரியாது, திசைதான் தெரியும். தென்கிழக்கே திருப்பி நிறுத்தி, உள்ளங்கையில் நான்கு வில்லை கற்பூரத்தை வைத்து ஏற்றினார்கள். "ஆத்த பத்தி வாய் தொறக்க மாட்டேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். என் புருஷன் முருகவேல் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுதான் அவன் செய்த உதவி. மூன்றாவது தடவை சொல்லும்போது வெந்த தோலின் வாடை எனக்கே வந்தது. சக்திவேலின் பெண்டாட்டி பிரேமா சேலை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பாஞ்சாலி அக்காதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கையைத் தட்டிவிட்டாள். "மனுசங்களாடா நீங்க?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஏழெட்டு ஆடு வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுபவள். அன்றைக்கு அவளே எண்ணெய் தடவி, அவளே ஒரு வாரம் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

இந்த ஐப்பசியில் பாவாவின் போன் வந்தபோது காலை மணி பத்து. நல்ல வெயில். இந்த முறை தள்ளிப்போகாது, பன்னிரண்டு மணிக்கு எல்லா மதகையும் திறக்கிறோம், ஆற்றில் இருப்பவர்களை மேலே ஏற்று என்றார் பாவா. சரி என்று வைத்தேன். கூட்டத்தில் நடந்ததை நான் அவரிடம் சொன்னதே இல்லை. தண்ணீர் மூன்று மணிக்கு வரும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலில் போய் என் இரண்டு ஆடுகளை ஆற்றிலிருந்து ஓட்டி வந்தேன். சக்திவேல் படுகையில் மறுபடியும் கடலை போட்டிருந்தான். பிரேமா களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய இரண்டு கறவை மாடுகள் ஆற்று நடுவே மணல் திட்டில் கட்டிக் கிடந்தன.

"இன்னாமே, ஆட்ட ஓட்டிகினு போற? பாவா போன் பண்ணாரா?" என்று சக்திவேல் சிரித்தான். பிரேமாவும் சிரித்தாள்.

"வெயிலு ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் கேட்டான், நான் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எனக்குக் கொஞ்சம் இருந்த உறுத்தலும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டரை மணி வாக்கில் பாஞ்சாலி அக்கா ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் கிளம்பினாள். ஓடிப்போய் மறித்தேன்.

"அக்கா, இன்னிக்கு ஆத்துக்குப் போவாத."

"ஏன்?"

"போவாத, அவ்ளோதான். யார்கிட்டயும் சொல்லவும் சொல்லாத."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "போன் எப்ப வந்துச்சு?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா? சோறு ஆக்கி துன்னுட்டு குந்திகினு கீறியா? பிரேமா படுகையில களை எடுத்துகினு கீறாடி!"

"எடுக்கட்டும்."

"இன்னாடி பேச்சு இது?"

"நான் சத்தியம் பண்ணிகீறேன்க்கா."

"ஆங், நீதான பண்ண? நான் பண்ணலியே" என்றாள். ஆடுகளைத் தெருவிலேயே விட்டுவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். நானும் பின்னால் ஓடியிருக்கலாம். நின்ற இடத்திலிருந்து கத்தியிருந்தால்கூடப் போதும், நாலு ஆம்பளைகள் ஓடியிருப்பார்கள். கத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்தேன். அவள் சொன்னாலும் சக்திவேல் நம்ப மாட்டான் என்று நினைத்தேன். நம்பக் கூடாது என்றும் நினைத்தேன். அவள் கரையில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு நடந்ததைக் கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த கதிரவன்தான் சொன்னான். பாஞ்சாலி அக்கா கூப்பிட்டதும் பிரேமா களைக்கொத்தைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டாள். சக்திவேல் ஏறவில்லை. "அந்த ஆந்திராக்காரி பழையபடி ஆரம்பிச்சிட்டாளா? வானத்த பாரு, ஒரு மேகம் கீதா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றானாம். கால்மணி நேரம் அப்படியே வாதாடியிருக்கிறான். அவனிடம் பேசிப் பயனில்லை என்று அக்கா மாடுகளை அவிழ்க்கத் திட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் மேற்கே சருகும் நுரையும் உருண்டு வந்தன. பின்னாலேயே சத்தம். அதைக் கேட்டதும் சக்திவேல் ஒரே ஓட்டமாகக் கரை ஏறினான். அவன் ஏறிய இடத்துக்கும் திட்டுக்கும் ஐம்பது அடிகூட இருக்காதாம்.

இரண்டு மாடுகளையும் அவள் அவிழ்த்துவிட்டிருந்தாள். ஒன்று நேரே நீந்திக் கரை சேர்ந்தது. இன்னொன்று ஒரு மைல் கீழே ஏறி, சாயங்காலம் தானாகவே வீட்டுக்கு நடந்து வந்தது. பால்கூடக் கறந்தார்கள்.

பாஞ்சாலி அக்கா மறுநாள்தான் கிடைத்தாள். மூன்றாவது ஊரின் தரைப்பாலத்துக்குப் பக்கத்தில், சீமைக் கருவேலம் புதரில் தலைமுடி சிக்கி நின்றிருந்தாள். கொண்டுவந்து தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். அவளுக்காக அழச் சொந்தம் என்று யாரும் இல்லாததால் ஊரே அழுதது. பிரேமா கால்மாட்டில் விழுந்து புரண்டாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

சக்திவேல் எழுந்து என்னிடம் வந்தான். கண் வீங்கியிருந்தது.

"அவளுக்கு நீதான் சொன்னியா?"

"ஆங்."

"காலையில நான் கேட்டனே. எங்களுக்கு ஏன் சொல்லல?"

பதினோரு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பாத்திரம் தேய்க்கும்போதும் ஆடு ஓட்டும்போதும் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும், எப்படி அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம்கூடத் தயாராக இருந்தது.

"சொல்லக் கூடாதுன்னு நீதான சத்தியம் வாங்கின" என்றேன்.

நினைத்திருந்தபடியே வந்தது, ஒரு எழுத்து பிசகவில்லை. சக்திவேல் இரண்டு அடி பின்வாங்கினான். தணிகைமணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் புருஷன் தரையைப் பார்த்தான். அன்றைக்குக் கோயில் முன்னால் நின்ற ஒவ்வொருத்தரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்தது. நடுவில் அக்கா கிடந்தாள்.

அவள் முடியில் இன்னும் முள் இருந்தது. காதோரம் ஒரு நீள முள் தோலில் குத்திக்கொண்டிருந்தது. அதையாவது எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். பிரேமா எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"நீ தொடாத" என்றாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள்.